வாத்துத் தொப்பி

கார்லண்ட் ஸ்டப்ஸின் துப்பாக்கிக் கடைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது, செத்துப்போன அவர் மனைவியின் கைத்துப்பாக்கிதான். கல்லாவுக்குப் பின்னால் சுவரில் ஓர் ஆணியில் தொங்கும். நீளக் குழல், மரப்பிடி, இருபத்திரண்டு காலிபர். அதன் கீழே ஓர் அட்டையில் கொட்டை எழுத்தில் கார்லண்டே எழுதி ஒட்டியிருந்தார்: ‘கொசு அடிக்க மட்டும்.’ வருகிறவன் போகிறவன் எல்லாம் அதைப் படித்துவிட்டு ஒரு சிரிப்பு சிரிப்பான். அந்தச் சிரிப்பைக் கேட்காவிட்டால் கார்லண்டுக்குக் காலைக் காப்பி இறங்காது.

ஓக்லஹோமாவின் அந்த மூலையில் ஓர் ஆம்பிளையின் மதிப்பை அவன் போடுகிற தோட்டாவின் பருமனை வைத்துத்தான் எடை போடுவார்கள். நாற்பத்தைந்து என்றால் மனுஷன். முப்பத்தெட்டு என்றால் பரவாயில்லை, வயசாகிவிட்டது. இருபத்திரண்டு என்றால் அணில் பிடிக்கக் கிளம்பிய விடலை. இந்த வேதத்தை ஊருக்கே ஓதியவர் கார்லண்ட். கடைக்குப் பின்னால் இருக்கும் சுடுகூடத்தில் சனிக்கிழமைதோறும் தற்காப்பு வகுப்பு நடத்துவார். ஊரில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள்.

“இருவத்திரெண்டால ஒருத்தனைச் சுட்டா என்ன ஆகும் தெரியுமா? திரும்பிப் பார்ப்பான். சுட்ட இடத்தைச் சொறிஞ்சுக்குவான். அப்புறம் வந்து உன்னை உதைப்பான்.”

வகுப்புக்கு வகுப்பு இதே வசனம், இதே இடத்தில், வயிற்றைச் சொறிந்து காட்டும் இதே சைகையோடு. அவருடைய ஒரே மகள் கெல்சிக்கு இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போயிருந்தது.

அந்த வகுப்பின் முன்வரிசையில் உட்கார்ந்து உரக்கச் சிரித்தவர்களில் ஒருவன் ட்ராய். அப்படித்தான் அறிமுகம், அப்படியே கல்யாணம். “நல்ல பையன், நாப்பத்தஞ்சு வச்சிருக்கான்” என்பதுதான் மாப்பிள்ளைக்குக் கார்லண்ட் கொடுத்த நற்சான்றிதழ். அந்த நல்ல பையன் போன வருஷம் சமையலறை மேடையின் விளிம்பில் வைத்துக் கெல்சியின் வலது மணிக்கட்டை உடைத்தான். இப்போது அதற்குள் ஓர் உலோகத் தகடும் திருகுகளும் இருக்கின்றன. விவாகரத்து ஆயிற்று. அவள் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது என்று நீதிமன்றம் உத்தரவு போட்டது, அவன் துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டது, மாவட்டச் சிறையில் தள்ளியது. சிறையிலிருந்து இப்போது போன் வந்தது. வருகிற வெள்ளிக்கிழமை ட்ராய் வெளியே வருகிறான், தகவலுக்காகச் சொல்கிறோம் என்றார்கள். நன்றி என்று சொல்லிப் போனை வைத்தாள். வேறு என்ன சொல்வது?

மகளுக்கு ஆபத்து என்று தெரிந்ததும் கார்லண்ட் செய்த முதல் காரியம், ஒரு பரிசுப்பெட்டியோடு வந்து நின்றது. உள்ளே ஒரு ரிவால்வர். உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு, இறகு மாதிரி எடை, முப்பத்தெட்டு காலிபர். பிடி இளஞ்சிவப்பு. பெண்களுக்கென்றால் இளஞ்சிவப்பு, கடையில் அதற்கென்றே ஒரு தட்டு இருந்தது.

“எப்படி இருக்கு பாப்பா? சின்னக் கைக்குச் சின்னத் துப்பாக்கி.”

“இது உதைக்கும்பா.”

“இத்தனூண்டு இருக்கு, இது எங்க உதைக்கும்?”

இந்த ஒரு முட்டாள்தனத்தைத்தான் அந்த ஊர் ஆம்பிளைகள் தலைமுறை தலைமுறையாகத் தங்கள் பெண்டாட்டிகளுக்கும் பெண்களுக்கும் பரிசளித்து வந்தார்கள். துப்பாக்கி எவ்வளவு லேசோ அவ்வளவு பலமாக அது கையைத் திருப்பி அடிக்கும். அடியைத் தாங்கிக்கொள்ள இரும்பில் கனம் வேண்டும். இது தெரியாமல், நூறு கிலோ ஆசாமி கனத்த துப்பாக்கியை வைத்துக்கொண்டு, தன் பாதி எடைகூட இல்லாத பெண்ணிடம் இறகைக் கொடுப்பான். அவள் ஒருமுறை சுட்டுப் பார்த்துவிட்டு அலமாரிக்குள் போட்டுப் பூட்டிவிடுவாள். ‘பொம்பளைங்களுக்கு இதெல்லாம் சரிப்படாது’ என்று அவன் கடையில் வந்து சொல்லிச் சிரிப்பான்.

கெல்சி அன்றே சுட்டுப் பார்த்தாள். முதல் வெடியில் தகடு வைத்த மணிக்கட்டு விண்ணென்று தெறித்தது. இரண்டாவது வெடிக்கு அவள் கண்கள் தாமாகவே மூடிக்கொண்டன. அந்தக் குண்டு எதிரில் இருந்த அட்டையைத் தொடாமல் தரையில் போய்ப் புதைந்தது.

அது என்னவென்று அவளுக்கு நன்றாகத் தெரியும். பல் மருத்துவமனையில் பல் சுத்தம் செய்வது அவள் வேலை. நாளெல்லாம் அவள் பார்ப்பது இதைத்தான். கருவி பல்லைத் தொடுவதற்கு முன்பே ஆட்கள் நாற்காலிக் கையை இறுகப் பிடிப்பார்கள், தோள் எகிறும். வலிக்கு முன்னாலேயே வலிக்குப் பயந்து உடம்பு செய்யும் வேலை அது. சவடால் பேர்வழிகள்தான் ரொம்ப இறுக்கிப் பிடிப்பார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். அவளுடைய அப்பா நாற்காலிக் கையின் உறையையே கிழித்தவர்.

“எனக்கு அம்மாவோடது போதும்பா. அதைக் கொடுங்க.”

“எது, அந்தக் கொசு மருந்தா?” கார்லண்ட் உடம்பு குலுங்கச் சிரித்தார். “அதைக் காட்டினா ட்ராய் விழுந்து விழுந்து சிரிப்பான்.”

அவர் சிரித்தது அவளுக்கு எரிச்சலாக இருந்தது. அதைவிட, அவர் சொன்னது உண்மை என்பதுதான் அவளை உறுத்தியது. ட்ராய் ஒரு கோழை. பக்கத்து வீட்டு நாய் குரைத்தால் வண்டியை விட்டு இறங்க மாட்டான். ஷெரீப்பின் தொப்பியைக் கண்டால் ‘ஐயா ஐயா’ என்று குழைவான். தன்னைவிடச் சின்ன உருவத்தின் மீது மட்டும்தான் அவன் வீரம் பாயும். அவளுக்கு அவனைச் சுட வேண்டும் என்ற ஆசை துளியும் இல்லை. அவன் பயந்தால் போதும். வாசலிலேயே பயந்து திரும்பிப் போனால் போதும். ஆனால் எந்தத் துப்பாக்கிக்குப் பயப்பட வேண்டும், எதைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்பதையெல்லாம் அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர் இவர்.

ஆகவே இவர் வாயாலேயே அதை மாற்றிச் சொல்ல வைக்க வேண்டும். அதுவும் சனிக்கிழமை வகுப்பில், லானியின் முன்னால். லானி டயர் கடை வைத்திருப்பவர், கார்லண்டின் வலது கை, ட்ராயின் தாய்மாமன். வகுப்பில் ஒருவன் தும்மினாலும், சாயங்காலம் சிறையிலிருந்து வரும் போனில் அது ட்ராயின் காதுக்குப் போய்விடும்.

சனிக்கிழமை வகுப்பில் கார்லண்டுக்குப் பிடித்தமான ஒரு விளையாட்டு உண்டு. சுடுகிறவனுக்குத் தெரியாமல் அவன் துப்பாக்கியில் நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே மருந்தில்லாத பொய்த் தோட்டாக்களைக் கலந்து போட்டுக் கொடுப்பார். எது வெடிக்கும், எது வெடிக்காது என்று சுடுகிறவனுக்குத் தெரியாது. பொய்த் தோட்டா வரும்போது ‘டிக்’ என்ற சத்தம் மட்டும் கேட்கும். அப்போது குழல் ஆடாமல் நின்றால் அவன் சுடத் தெரிந்தவன். வெடிக்கு முன்பே பயந்து கையை அழுத்துகிறவனாக இருந்தால் குழல் சட்டென்று கீழே குனிந்துவிடும். வெடிச் சத்தத்தில் மறைந்து கிடக்கும் பயம், அந்த ஒரு டிக்கில் அம்பலமாகிவிடும். குனிந்தவன் வகுப்பு முடியும்வரை ஒரு மஞ்சள் வாத்துத் தொப்பியை மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும். முன்னால் அலகு, மேலே இரண்டு கண்; ஆங்கிலத்தில் வாத்துக்கும் குனிவதற்கும் ஒரே சொல். இது கார்லண்டின் சட்டம்.

அன்று முதல் ஆளாகக் கெல்சியை நிறுத்தினார். கையில் இளஞ்சிவப்புத் துப்பாக்கி. டிக்கென்றது. குழல் தரையைப் பார்த்தது.

“வாத்து குனிஞ்சிடுச்சு!” என்று கத்தினார் கார்லண்ட். கூடம் அதிரச் சிரித்தார்கள். பெற்ற மகளின் தலையில் தானே தொப்பியை மாட்டிவிட்டு, அலகைச் சரிசெய்தும் விட்டார்.

“கெல்சிம்மா, உனக்கு ரொம்பப் பொருத்தமா இருக்கு. ஆஸ்பத்திரிக்கும் இதையே போட்டுட்டுப் போ” என்றார் லானி.

கெல்சி தொப்பியோடு நேரே கடைக்குள் போனாள். ஆணியிலிருந்து அம்மாவின் துப்பாக்கியை எடுத்து வந்தாள். “இப்ப இதுல கலந்து போட்டுக் கொடுங்கப்பா.”

“விளையாடாதே பாப்பா.”

“அட, கொசுதானே அண்ணே? அடிக்கட்டும், பார்ப்போம்” என்றார் லானி.

ஆட்கள் வேடிக்கைக்குத் தயாரானார்கள். கார்லண்ட் கலந்து போட்டுக் கொடுத்தார். இருபத்திரண்டின் வெடி ஒரு கைத்தட்டல் அளவுதான். கனமான இரும்பு, அவள் மணிக்கட்டுக்கு எதுவும் தெரியவில்லை. பல்லின் இடுக்கில் கூர்முனையை நகர்த்தும்போது மூச்சை எப்படி விடுவாளோ அப்படி விட்டுச் சுட்டாள். டிக் வந்தபோது குழல் இம்மியும் அசையவில்லை. எதிரே தொங்கிய காகிதச் சாப்பாட்டுத் தட்டில் ஓட்டைகள் எல்லாம் நடுவில் ஒரு கொத்தாக விழுந்திருந்தன. யாரும் சிரிக்கவில்லை. கைதட்டவும் இல்லை. அவள் வாத்துத் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

“உங்க முறைப்பா.”

“எனக்கா?”

“நீங்க குனியலைன்னா நான் அந்த ரோஸ் கலரையே வச்சுக்கறேன். குனிஞ்சா, தொப்பியைப் போட்டுக்கிட்டு எல்லார் முன்னாடியும் ஒண்ணு சொல்லணும். இந்த இருவத்திரெண்டு என் மக கையில இருந்தா எவனும் கிட்டப் போகாதீங்கன்னு. அவ்வளவுதான்.”

லானி இருந்தார், மற்றவர்கள் இருந்தார்கள். மறுத்தால் மானம் போகும். கார்லண்ட் இடுப்பிலிருந்து தன் நாற்பத்தைந்தை உருவித் தோட்டாக்களை வெளியே எடுத்துவிட்டுக் கொடுத்தார். ‘பெரியவன்’ என்பது அதற்கு அவர் வைத்திருந்த செல்லப்பெயர். அவள் திரும்பி நின்று கலந்து போட்டுக் கொடுத்தாள்.

முதல் குண்டு வெடித்தது. கூடம் குலுங்கியது. கார்லண்ட் தோளைக் குலுக்கி, காலை அகட்டி, மீசையைக் கடித்துக்கொண்டு அடுத்ததற்கு விசையை இழுத்தார்.

டிக்.

பெரியவன் மூக்குக் குப்புறக் கவிழ்ந்தான். குழல் நேராகக் கார்லண்டின் பூட்ஸுக்கு முன்னால் இருந்த தரையைப் பார்த்தது. கூடவே அவர் கண்கள் இரண்டும் இறுக மூடியிருந்ததை எல்லாரும் பார்த்தார்கள். முப்பது வருஷமாகப் பெரிய வெடியின் புகைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த பயம் அது. அதைப் பார்த்தபோது கெல்சிக்குச் சிரிப்பு வரவில்லை. இவ்வளவுதானா இந்த மனுஷன் என்று சப்பென்று ஆகிவிட்டது.

கண்ணைத் திறந்ததும் கார்லண்ட் பேச ஆரம்பித்தார். தோட்டா ஈரமாக இருக்கிறது என்றார். விசைக்குப் புது ஸ்பிரிங் போட்டது என்றார். நேற்று டயர் தூக்கியதில் தோள்பட்டை பிடித்துக்கொண்டது என்றார்.

“டயரை நான்தானே அண்ணே தூக்கினேன்?” என்றார் லானி, கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல்.

கெல்சி மஞ்சள் தொப்பியை எடுத்து நீட்டினாள். “அப்பா.”

அவர் அதை வாங்கவில்லை. பத்துப் பதினைந்து பேர் தம் பூட்ஸ்களைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த மௌனத்தை உடைக்க அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்.

“இதோ பாருங்க, குறி வைக்கிறது வேற, சண்டை வேற. காகிதத் தட்டு திருப்பி அடிக்காது. இருவத்திரெண்டால நிஜ ஆம்பிளை ஒருத்தனைச் சுட்டா என்ன பண்ணுவான்?” வயிற்றைச் சொறிந்து காட்டினார். முதலில் ஒருவன் சிரித்தான். பிறகு எல்லாரும் நிம்மதியாகச் சிரித்தார்கள். லானியும் சிரித்தார். அந்தச் சிரிப்பு எங்கே போய்ச் சேரும் என்று கெல்சிக்குத் தெரியும்.

“சுடவும் தெரியலை, தோத்துப் போகவும் தெரியலை” என்று சொல்லிவிட்டு அம்மாவின் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அவர் தடுக்கவில்லை. தடுக்கும் தைரியம் அப்போது அவரிடம் இல்லை.

வெள்ளிக்கிழமை ட்ராய் வெளியே வந்தான். கெல்சி பூட்டுகளை மாற்றியிருந்தாள், ஷெரீப் ஆபீஸில் சொல்லி வைத்திருந்தாள், துப்பாக்கியை இடுப்புப் பையில் போட்டு அதோடுதான் நடமாடினாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் கார்லண்ட் தன் டிரக்கில் வந்து இறங்கினார். “நான் இருக்கேன்ல பாப்பா, எவன் வர்றான்னு பார்த்துடறேன்” என்றார். வந்தவர் வறுத்த கோழியையும் உருளைக்கிழங்கு மசியலையும் கிரேவி ஊற்றி இரண்டு தட்டு காலி செய்தார். டிவியில் ஃபுட்பால் போட்டுக்கொண்டு சாய்வு நாற்காலியில் விழுந்தார். கொஞ்ச நேரத்தில் நெளிந்தார். நிறைந்த வயிற்றில் பெரியவன் குத்தினான். எழுந்து வெளியே போய் அதை டிரக்கில் வைத்துவிட்டு வந்து, பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு மறுபடி சாய்ந்தார். ‘உடம்போட ஒட்டியிருக்காத துப்பாக்கி, துப்பாக்கியே இல்ல’ என்பதும் அவர் வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் பாடம்தான். கெல்சி அதைப் பார்த்தாள். சொல்லிப் பிரயோஜனமில்லை என்று பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

மூன்றாவது கால்பகுதி ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது சமையலறைக் கதவு தட்டப்பட்டது. அவள் “திறக்காதீங்க” என்று சொல்லி முடிப்பதற்குள், லானி வந்திருப்பார் என்று நினைத்துக் கார்லண்ட் திறந்துவிட்டார்.

“என்ன மாமா, சாப்பாடெல்லாம் ஆச்சா?” என்றான் ட்ராய்.

கார்லண்டின் கை ஜம்பமாக இடுப்புக்குப் போனது. அங்கே தளர்ந்த பெல்ட் மட்டும்தான் இருந்தது.

“பெரியவனைத் தேடறீங்களா? வண்டியில தூங்கறான் மாமா. கண்ணாடி வழியா இப்பதான் பார்த்துட்டு வர்றேன்.” அவரை ஒரு கதவைத் தள்ளுவது போலத் தள்ளிவிட்டு உள்ளே வந்தான்.

கெல்சி பாத்திரத் தொட்டியை விட்டு விலகி, மேசைக்கு அந்தப் பக்கம் நின்றாள். துப்பாக்கி கையில் இருந்தது. “நில்லு ட்ராய். நீ இங்க வரக்கூடாது. வெளிய போ.”

அவன் நின்றான். அவள் அதைத் தெளிவாகப் பார்த்தாள். பக்கத்து வீட்டு நாய் குரைத்தால் நிற்பானே, அதே நிற்றல். ஒரு கால் பின்னால் கூட வந்தது. போய்விடு, போய்விடு என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. அப்போதுதான் அவன் அந்த நீளக் குழலையும் மரப்பிடியையும் அடையாளம் கண்டுகொண்டான். முகம் முழுக்கச் சிரிப்பு பரவியது.

“அட! சுவத்துல தொங்கினதுதானே இது? கொசு மருந்து!”

“சுடுவேன் ட்ராய்.”

“சுடேன். லானி மாமா எல்லாம் சொன்னாரு. காகிதத் தட்டைப் பிச்சு எடுத்தியாமே? உங்கப்பா அப்பக்கூடச் சொன்னாராமே, ஆம்பிளையா இருந்தா சொறிஞ்சுக்குவான்னு.” அடுப்பின் மேலிருந்த இரும்பு வாணலியைக் கையில் எடுத்தான். “இந்தத் தடவை மத்த மணிக்கட்டு.”

“டேய் ட்ராய், வேணாம்டா!” கார்லண்டின் குரல் கிறீச்சிட்டது. “நில்லுடா. அது கொன்னுடும்டா. நிஜமாவே கொன்னுடும்.”

“நீங்கதானே மாமா சொன்னீங்க?”

“சும்மா சொன்னேன்டா! சிரிக்கறதுக்குச் சொன்னேன்டா! அவ குறி தப்பாதுடா, நான் பார்த்தேன்டா!”

“பொண்ணுக்காகப் பொய்யெல்லாம் சொல்றீங்க” என்றான் ட்ராய், கொஞ்சம் பாசத்தோடுகூட. வாணலியை ஓங்கிக்கொண்டு மேசையைச் சுற்றி வந்தான்.

அவள் மூச்சை விட்டாள். சுட்டாள். அந்தச் சின்னச் சத்தத்துக்கு அவன் தன் வயிற்றைக் குனிந்து பார்த்தான். அவன் கை அங்கே போனது. சொறிவது போலவே விரல்கள் அங்கே இரண்டு தரம் அசைந்தன. பிறகு விரல்களைத் தூக்கிப் பார்த்தான், சிவப்பாக இருந்தன. இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தான், கோபத்தால் அல்ல, பழக்கத்தால். அவள் மறுபடி சுட்டாள். வாணலி தரையில் விழுந்து சுழன்றது. அவன் ஃப்ரிட்ஜில் முதுகு உரச மெதுவாக உட்கார்ந்தான். அவன் பார்த்தது அவளை அல்ல, கார்லண்டை. வாத்தியார் சொன்னதை அப்படியே எழுதியும் தப்பு என்று கோடு போட்டால் ஒரு பையன் பார்ப்பானே, அந்தப் பார்வை.

“நான் போய் டிரக்குலேர்ந்து எடுத்துட்டு வரவா?” என்றார் கார்லண்ட்.

“துண்டு எடுத்துட்டு வாங்க” என்றாள் கெல்சி. “அவனுக்கு ரத்தம் போகுது.”

ட்ராய் பிழைத்தான். குடலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள், ஒரு பக்க இடுப்பு இனி சரியாக வளையாது என்றார்கள். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது துணை ஷெரீப் குனிந்து, துப்பாக்கி நீட்டியவளை நோக்கி ஏன் நடந்தாய் என்று கேட்டார். ட்ராய் விரலைத் தூக்கிக் கார்லண்டைக் காட்டினான். “உங்க துப்பாக்கி எங்க இருந்தது, சார்?” என்று துணை ஷெரீப் கார்லண்டிடமும் ஒரு கேள்வி கேட்டார். டிரக்கில் என்று அவர் சொன்னது இரண்டாம் தரம் கேட்ட பிறகுதான் காதில் விழுந்தது. அம்மாவின் துப்பாக்கியைச் சாட்சியத்துக்காக உறையில் போட்டு எடுத்துப் போனார்கள். கெல்சி மேல் தப்பில்லை என்று அந்த வாரமே முடிவாயிற்று.

தப்பில்லை என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்த விரல்கள் அசைந்ததை யார் அழித்துக் கொடுப்பார்கள்? அவன் மேல் அவளுக்கு இரக்கம் இல்லை. ஆனால் ஒரு மனுஷன் உடம்பில் தன் கையால் ஓட்டை போட வேண்டி வந்ததை நினைக்கும்போதெல்லாம், பல் நாற்காலியின் பக்கத்தில் நின்றபடியே கையிலிருந்த கருவியைக் கீழே வைத்துவிடுவாள்.

சனிக்கிழமை அவள் இளஞ்சிவப்புத் துப்பாக்கியின் பெட்டியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். சுவரில் வெறும் ஆணி. ‘கொசு அடிக்க மட்டும்’ அட்டையைக் காணோம். பின்னால் கூடத்தில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. எல்லாருக்கும் முன்னால் கார்லண்ட் நின்றார், தலையில் மஞ்சள் வாத்துத் தொப்பியோடு. அலகு கொஞ்சம் கோணியிருந்தது. லானி தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“இருவத்திரெண்டைப் பத்தி நான் இத்தனை வருஷமா சொன்னதெல்லாம் தப்பு” என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். “என் மக கையில அது இருந்தா எவனும் கிட்டப் போகக்கூடாது.” அவள் கேட்ட அதே வார்த்தைகள். மகளைப் பார்த்ததும் நிறுத்தினார். கண் கலங்கியிருந்தது. இப்போது அவள் ஓடிவந்து கட்டிக்கொள்ள வேண்டும், ஆட்கள் கைதட்ட வேண்டும், எல்லாம் சரியாகிவிட வேண்டும். அவர் எதிர்பார்ப்பு அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. அதைப் பார்க்க அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

பெட்டியை அவர் முன்னால் இருந்த மேசையில் வைத்தாள்.

“ரெண்டு வாரத்துக்கு முந்தி இதே இடத்துல இந்தத் தொப்பியைப் போட்டு இதைச் சொல்லியிருந்தீங்கன்னா, சாயங்காலமே அவன் காதுக்குப் போயிருக்கும். என் வாசலை மிதிச்சிருக்க மாட்டான். நான் யாரையும் சுட்டிருக்க மாட்டேன்.”

கார்லண்டின் கை மெல்ல உயர்ந்து தொப்பியைப் பிடித்தது.

“கழட்டாதீங்க” என்றாள் கெல்சி. “வகுப்பு முடியற வரைக்கும் போட்டிருக்கணும். உங்க சட்டம்தானே?”

அவர் கையைக் கீழே இறக்கிக்கொண்டார். அவள் வெளியே வந்து காரில் ஏறினாள்.